எதிர்த்துப் பேசிய மருமகள்

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஆறுதல் சொல்ல ஓடிவந்தாள்.

"உங்க மருமக உங்களை எதிர்த்துப் பேசிட்டாளாமே? உங்க பிள்ளை போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு."

"ஆமாம்மா. நான் வெச்ச சூப்பை மூஞ்சிக்கு நேரா குறை சொல்லிட்டா."

"பிள்ளை தட்டிக் கேக்கலையா?"

"அவனா? சந்தோஷத்துல ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கிட்டிருக்கான்!"

வந்தவள் திருதிருவென்று விழித்தாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அவளுக்கு இருபத்தொன்பது வயசுதான். பிரஷரைக் கவனிக்காம விட்டதுல, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு பேச்சே போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாயைத் திறந்திருக்கா!"

உள்ளேயிருந்து மெல்லக் குரல் வந்தது. "அத்தை... உப்பு... இல்ல!"

"இன்னும் நூறு தடவை சொல்லுடி, என் தங்கமே!" என்று பூரித்தாள் மாமியார். "ஆனா, உப்பு மட்டும் போடவே மாட்டேன்!"