இஸ்திரி சார்

வேதியியல் பேராசிரியரை நாற்காலியோடு தூக்கிக் குளத்தில் போட்டார்கள்.

அவர் எழுந்து நின்று, தண்ணீருக்குள் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவர்போலக் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். கைதட்டல் காதைப் பிளந்தது.

கல்லூரிக்குள் நுழைந்ததும் நான் கண்ட முதல் காட்சி இது. இப்படிப்பட்ட இடத்தில்தான் என் மகன் புள்ளியியல் நடத்துகிறான்.

காலையில் மருமகள்தான் சொன்னாள். கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாளில், இறுதியாண்டுப் பிள்ளைகள் வாத்தியார்களைத் தூக்கி வளாகத்து அல்லிக்குளத்தில் போடுவார்களாம். இடுப்பளவு தண்ணீர்தானாம். ஆண்டுதோறும் நடக்கிற கொண்டாட்டமாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. மகன் கிளம்பிப் போனான்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் தூக்கியதில்லை. என் தந்தையை நாலு பேர் தூக்கினார்கள் என்றால், அது அவர் போன பிறகு. இருந்தவரை அவர் பக்கத்தில் நிற்கவே ஆட்கள் யோசிப்பார்கள்.

நான் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் நான் கையைக் காட்டினால் ரயிலே நின்றது. குளக்கரைக்குப் போய்க் கையைக் காட்டினேன். ஒருவனும் நிற்கவில்லை. உடற்கல்வி ஆசிரியரைக் கைகால் பிடித்துச் சுமந்துவந்த ஒரு கும்பல், தூணைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

ஈரத் தலையோடு ஒரு பெண் ஊதலை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தாள். தலைவி அவள்தான் என்று தெரிந்தது. நேரே அவளிடம் போனேன்.

"புள்ளியியல் வாத்தியார் என் பிள்ளை. அவன் மேல ஒரு விரல் படக்கூடாது, சொல்லிட்டேன்."

"ஐயோ தாத்தா, இஸ்திரி சாரையா? அவரை யாரு தொடுவா! நீங்க நிம்மதியா நிழல்ல உக்காருங்க."

கசங்காத சட்டைக்காக வைத்த பெயராம். கேட்கவே கம்பீரமாக இருந்தது. நிழலில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் சும்மாவா?

மகன் குளத்தின் விளிம்பில் நின்றிருந்தான். வளையாத முதுகு. அந்த முதுகு அவனுக்கு நான் கொடுத்தது. எனக்கு என் தந்தை கொடுத்தது.

அடுத்து நூலகர் போனார். கனமான மனிதர், இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். "பாத்துடா, நான் திருப்பித் தர வேண்டிய புத்தகம் இல்ல, கிழிச்சுடாதீங்க" என்று அவரே உற்சாகப்படுத்தினார்.

அதற்கடுத்து கேன்டீன்காரர். அவர் வாத்தியாரே இல்லை. பிடிபட வேண்டும் என்பதற்காகவே மெதுவாக ஓடினார்.

ஒவ்வொரு கும்பல் ஓடிவரும்போதும் என் மகனின் தோள்கள் கொஞ்சம் உயர்ந்தன. கும்பல் அவனைத் தாண்டிப் போனது. தோள்கள் இறங்கின.

அச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். செல்பேசியோடு சேர்த்து ஒரு கல்பெஞ்சில் வைத்தான். காலணிகளைக் கழற்றி, காலுறைகளை உருட்டி அவற்றுக்குள் செருகினான். சட்டையை ஒருமுறை நீவிவிட்டு, மறுபடியும் விளிம்பில் போய் நின்றுகொண்டான்.

தண்ணீருக்குப் பயப்படுகிறவன் காலுறையைக் கழற்றி வைக்க மாட்டான்.

ஒரு மாணவன் மூச்சிரைக்க அவன் எதிரே வந்து நின்றான். என் மகனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவன் பள்ளிக்கூடம் போன நாட்களில்கூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். சட்டையில தெறிச்சிடப் போகுது."

"சரிப்பா" என்று சொல்லி, வெறுங்காலோடு தள்ளி நின்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கேன்டீன்காரருக்குக் கிடைக்கிற மரியாதை எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாதா? இவனுக்கு என்ன குறைச்சல்? நூலகரில் பாதி எடைகூட இல்லையே!

ஊதல் சத்தம் கேட்டது. "முடிஞ்சுது! நனைஞ்சவங்க எல்லாரும் போட்டோவுக்கு வாங்க!"

நனைந்தவர்கள் எல்லாரும் குளத்துக்குள் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். மகன் இன்னும் கரையோரம்தான் நின்றிருந்தான். அவர்களைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு சரியாக ஒட்டவில்லை.

நான் எழுந்து போய் அவன் பின்னால் நின்றேன்.

அடுத்த நொடி அவன் தண்ணீரில் இருந்தான்.

குளக்கரையே அமைதியாகிவிட்டது. அவன் தலை மேலே வந்தது. உச்சியில் ஓர் அல்லியிலை தொப்பிபோல ஒட்டியிருந்தது.

"எவன்டா அது?" என்று கத்தினேன். "யாருடா எங்க வீட்டுப் பிள்ளையைத் தள்ளினது?"

ஊதல்காரி மட்டும் என் வலது கையைப் பார்த்தாள். அது இன்னும் முன்னால் நீட்டியபடியே இருந்தது. அதை மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவள் என் கண்ணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் கண்ணைத் தாழ்த்துகிற வழக்கம் உள்ளவன் அல்ல.

"நாங்கதான் தாத்தா" என்றாள்.

பிறகு ஊதலை நீளமாக ஊதினாள். கரையில் நின்ற அத்தனை பேரும், "இஸ்திரி சார்! இஸ்திரி சார்!" என்று கூவிக்கொண்டு குளத்துக்குள் பாய்ந்தார்கள். என் மகன் அந்தக் கூட்டத்தில் மூழ்கி, எழுந்து, கசங்கி, என் பக்கம் திரும்பினான்.

"அப்பா! பாத்தீங்களாப்பா? என்னையும் தள்ளிட்டாங்க!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன், எவ்வளவு கடுமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கடுமையாக.