உச்சி வெயில் போர்டு

"என்னம்மா போர்டு செஞ்சிருக்கீங்க? காலையில பளிச்சுன்னு இருக்குது, மத்தியானம் ஒண்ணுமே தெரியல!" விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் பழமலைநாதன் போனில் அலுத்துக்கொண்டார்.

தென்றலுக்குக் குழப்பமாக இருந்தது. கொளுத்தும் வெயிலிலும் படிக்கிற மாதிரி எல்.இ.டி. போர்டு வடிவமைப்பதுதான் அவள் தொழிலே. நேரில் வந்து, ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். போர்டின் கறுப்பு முகப்பில் மெல்லிசாக வெள்ளைக் களிமண் படிந்திருந்தது. பட்டறைத் தூசி என்று துடைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் அதே புகார், அதே களிமண்; மறுபடியும் துடைத்தாள்.

அதற்கடுத்த நாள் மதியம் தூண் மறைவில் நின்றாள். பொம்மை செய்யும் கொளஞ்சி, கையில் களிமண் கரைசலோடு முற்றத்துக்கு வந்து ஏணியில் ஏறினாள்.

"அக்கா! இந்த போர்டு உங்கள என்ன பண்ணுச்சு?"

கொளஞ்சி திடுக்கிட்டுத் திரும்பினாள். "பழைய போர்டு வெயில்ல மங்கிடும்மா. நாங்க பாட்டுக்கு வேல செஞ்சோம்."

"இப்ப யாரு வேணாம்னா?"

"போர்டுல வெயிலு நாப்பதத் தாண்டுச்சுன்னா வேலைய நிறுத்தணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா செய்யற பொம்மைக்குத்தானே எங்களுக்குக் கூலி?"

தென்றல் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வெயிலிலும் அவள் போர்டு பளிச்சென்று காட்டியது: 42 டிகிரி.

"பூசட்டுமா வேணாமா, சீக்கிரம் சொல்லும்மா, மொதலாளி சாப்பிட்டு வந்துடுவாரு."

ஏணி ஆடியது. தென்றல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில், துடைக்கக் கொண்டுவந்த துணி இருந்தது.