ஜன்னல் பொம்மையின் மழைக்கோட்டு

குரோனிங்கன் நகரப் பழந்துணிக் கடையில் புதிதாகச் சேர்ந்த யோரிட், ஜன்னல் பொம்மைக்கு மூன்று மணி நேரம் அலங்காரம் செய்தான். எழுபதுகளின் மஞ்சள் கட்டம்போட்ட மழைக்கோட்டு, இறகு செருகிய நீலத் தொப்பி.

மேலாளர் ஹன்னெகே சிரித்தாள். "சர்க்கஸ்லேருந்து ஓடி வந்த மாதிரி இருக்கு தம்பி. அஞ்சு மணிக்குள்ள இது விக்கலைன்னா, நாளையிலேருந்து நீ செருப்புக்கு ஜோடி தேடப் போகலாம்."

மாலைவரை அதை யாரும் சீண்டவில்லை. நாலரைக்கு ஒரு பெண் பச்சைக் கோட்டு ஒன்றைக் கல்லாவுக்குக் கொண்டு வந்தாள். "இதுல விலைச் சீட்டு இல்லையே?"

"எப்படி விக்கிறதுன்னு பாத்துக்கோ" என்று யோரிட்டின் காதைக் கடித்துவிட்டு, ஹன்னெகே அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தபடி கோட்டைத் தடவிக் கொடுத்தாள். "அறுபதுகள்ல கையால தச்சதுங்க. இந்தத் தையல் இப்ப யாருக்கு வருது? காலரைத் தூக்கிவிட்டுப் போடுங்க. இருபது யூரோ."

அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டே போனாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே மழை கொட்டியது. வீட்டுக்குக் கிளம்பிய ஹன்னெகே கதவோரக் கொக்கியை வெறித்தாள்.

"யோரிட், இங்க மாட்டியிருந்த என் கோட்டு எங்க? பச்சைக் கலரு. நேத்துதான் புதுசா வாங்கினேன்."

யோரிட் மெல்லப் போய்ப் பொம்மையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

"தொப்பியும் சேத்துதான் குடுக்கிறோம், மேடம்."