இரண்டு கோடுகள்

இறந்துபோன ஜாபஸின் பழைய ஜீப், கள்ளிக்குப்பம் பட்டறையின் சாய்வெயிலில் நிற்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்களைத் தரைவிட்டுத் தூக்கி, டயர் உச்சிகளில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறார் மெக்கானிக் துலுக்கானம். நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர்வீல் கியரைப் போட்டுவிட்டு, ஜாபஸின் மனைவி ஹெலினாவைப் பின்சக்கரத்தைச் சுற்றச் சொல்கிறார். பின்கோடு ஒரு சுற்று முடிந்து மேலே வரும்போது முன்கோடு இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

“பின்னாடி வேற வண்டி ஆக்ஸில உங்க வூட்டுக்காரரு மாட்டிகீறாரும்மா. முன்னாடி ஆக்ஸிலோட கியர் பல்லு கணக்கு ஒத்துக்கல. ஃபோர்வீல் போட்டு மலயேறினா ஒடஞ்சிடும்.”

“அதான் அடுத்த மழைக்கு ஜவ்வாது மலைக்குப் போலாம்னு ஒவ்வொரு மழைக்கும் சொல்லிகினே இருந்தாரா” என்கிறாள் ஹெலினா.

கிரீஸ் அப்பிய கையால் சக்கரத்தை மறுபடி சுற்றுகிறாள், இரண்டு கோடும் இந்தத் தரமாவது சேர்ந்து மேலே வந்துவிடாதா என்று, மெதுவாக.