வரி பதினேழு

“மணி பத்து இருபது. பதினொண்ணுக்கு இந்த ஃபைல் மேலே போயாகணும். நீங்க இன்னும் ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனைன்னு எண்ணிட்டு இருக்கீங்க” என்றார் இயக்குநர் அம்மா.

பேரிடர் தடுப்புத் துறையின் கூட்ட அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் இயக்குநர். ஜன்னலோரம் பொறியாளர். எதிரே புள்ளிவிவர அலுவலர். இந்த அலுவலர் வேறு துறையிலிருந்து கேட்டு மாற்றல் வாங்கி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் பொறியாளர் அவருக்குப் ‘பெரும்புள்ளி’ என்று பெயர் வைத்துவிட்டார்.

ஃபைலில் இருந்தது வரும் மழைக்காலத்துக்கான வெள்ள எச்சரிக்கைத் திட்டம். வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி, குடும்பத் தலைவரின் எண்ணுக்கு. போன வருடத் திட்டம்தான். தேதி மட்டும் புதிது. அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம் என்று அலுவலர் காலையிலிருந்து முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“எண்ணி முடிச்சாச்சு, மேடம். போன வருஷ வெள்ளத்துல செத்தவங்க நாப்பத்தொரு பேர். ஆம்பளைங்க பதினொண்ணு. பொம்பளைங்க முப்பது.”

“தண்ணிக்கு ஆம்பளை, பொம்பளை தெரியுமா, பெரும்புள்ளி?” என்றார் பொறியாளர்.

“தண்ணிக்குத் தெரியாது, சார். நம்ம மெசேஜுக்குத் தெரியுது.”

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

“பகல் ரெண்டு பத்துக்கு மெசேஜ் போயிருக்கு. மூணு மணிக்குத் தண்ணி ஊருக்குள்ள வந்திருக்கு. அம்பது நிமிஷம். மெசேஜ் வந்த போன் எல்லாம் மேட்டுல, வேலை இடத்துல, சட்டைப் பைக்குள்ள இருந்துச்சு. வீட்டுல இருந்தவங்களுக்கு ஒண்ணும் வரலை.”

“குடும்பத் தலைவர்னா ரெண்டு பேருக்கும் பொதுவான சொல்லுதானே?” பொறியாளர் விடவில்லை.

“சொல்லு பொதுதான், சார். மெசேஜ் பட்டியல்ல இருக்கற நம்பருக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தேன். நூத்துக்குத் தொண்ணூத்தாறு மீசைதான் எடுத்துச்சு.”

பொறியாளர் தன் மீசையைத் தடவிக்கொண்டார். இயக்குநருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“சரி, என்ன பண்ணணும்ங்கறீங்க?”

“‘குடும்பத் தலைவர் எண்’ங்கறதோட, ‘பகலில் வீட்டில் இருப்பவர் எண்’னு இன்னொரு கட்டம் போடணும். தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கி வைக்கணும். இந்தக் கையெழுத்தோட போயிட்டா அடுத்த மழைக்கும் இதே சாவுப் பட்டியல்தான், மேடம்.”

இயக்குநர் அட்டவணையை இழுத்து வைத்து, விரலை வரி வரியாக இறக்கினார். முப்பது பெண்கள். வீட்டு எண், வயது, வீட்டிலிருந்த போன்களின் எண்ணிக்கை. ஒன்று, ஒன்று, ஒன்று. நூல் பிடித்த மாதிரி இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது.

“வரி பதினேழு. இந்த வீட்டுல ரெண்டு போன். அந்தம்மா பேர்லயே ஒண்ணு. குடும்பத் தலைவர்னு குடுத்திருக்கறதும் அந்த நம்பர்தான், மெசேஜும் அதுக்குப் போயிருக்கு. இவங்க ஏன் செத்தாங்க?”

அலுவலர் மேசையிலிருந்த தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“மேலே உட்கார்ந்திருக்கறவங்க இந்த ஒரு வரியைத்தான் பிடிப்பாங்க. போன் இருந்தவளும்தானே செத்தா, எதுக்கு இன்னொரு கட்டம்னு கேப்பாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதை எடுத்துடுங்க. அட்டவணை சுத்தமாயிடும். நான் ரெண்டாவது கட்டத்தைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“எடுய்யா” என்றார் பொறியாளரும். “கேட்டது கிடைக்குது. ஒரு வரிதானே.”

“எடுக்க முடியாது, சார். முப்பதை இருபத்தொம்பதுன்னு போட்டா, ஒருத்தங்க சாகலைன்னு ஆயிடும்.”

“அப்ப காரணம் சொல்லுங்க.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“கணவரோட போன் ரிப்பேருக்குப் போயிருந்தது, மேடம். அன்னிக்குக் காலையில அந்தம்மா போனை எடுத்துக்கிட்டு ஆபீஸ் போயிட்டார். சாயங்காலம் கொண்டாந்துடறேன்னுட்டு. ரெண்டு பத்துக்கு வந்த மெசேஜைப் பார்த்தார். உடனே வீட்டுக்குப் பேசலாம்னு போனை எடுத்தார். அப்புறம்தான் உறைச்சது, வீட்டு போனே தன் கையிலதான் இருக்குன்னு.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப மூன்று முறை உதைத்தார்கள். நாலாவது உதையில் கிளம்பியது.

“வீடு எவ்வளவு தூரம்?” பொறியாளரின் குரலில் கிண்டல் இல்லை.

“ஓடினா ஒரு மணி நேரம். ஓடினார்.”

இயக்குநர் வரி பதினேழிலிருந்து விரலை விலக்கினார். பிறகு பேனாவை எடுத்தார்.

“ஆக, போன் இருந்தா போதாது, வீட்டுலயே இருக்கணும். அதுக்குத்தான் தெருவுக்கு ஒலிபெருக்கி. நல்லது, இந்த வரியே உங்களுக்குப் பேசும். அடிக்குறிப்பாப் போட்டுடலாம். ஆனா ஆதாரம்? அக்கம்பக்கத்துல சொன்னாங்களா?”

“இல்ல, மேடம்.”

“விசாரணை அறிக்கையில இருக்கா?”

“இல்ல. அங்கே யாரும் கேக்கலை.”

“அப்ப அந்த ஆள் வாயால வந்தாத்தான் உண்டு. பொண்டாட்டி போனை நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு எந்த மனுஷன் எழுதிக் குடுப்பான்? ஆதாரம்னு நான் யார் பேரைப் போடறது?”

“என் பேரைப் போடுங்க, மேடம். பக்கத்துல, கணவர்னு.”