முன்மாதிரி ஜோடி

“உங்க முதுகையே பார்த்துக்கிட்டு நாற்பது கிலோமீட்டர் வரணும்னு என் தலையில எழுதியிருக்கு!” என்றாள் அந்தப் பெண், சைக்கிளின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபடி.

“பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு மிதிங்க. அதுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே!” என்றார் முன் சீட்டில் இருந்தவர்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இருவர் மிதிக்கும் சைக்கிளைப் பூட்டித் தருகிறவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். சாதாரணமாக ஜோடிகள் ஒரு தடவை கீழே விழுந்த பிறகுதான் சண்டை போடுவார்கள். இவர்கள் கடை வாசலிலேயே தொடங்கிவிட்டார்கள்.

அதிலும் இந்த மனிதர் அவளை வாய்க்கு வாய் ‘நீங்க’ என்றுதான் திட்டினார். மெக்கானிக்குக்கு அது புரிந்தது. அவரே வீட்டில் மனைவியை ‘நீங்க’ என்று கூப்பிட்டால், அன்றைக்கு அடுப்படிப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று அர்த்தம்.

“குதிகாலைப் பெடல்ல வைங்கம்மா. முழங்கால் மடங்கக் கூடாது” என்று பின் சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தினார். “ரெண்டு பேர் பெடலும் ஒரே சங்கிலியில கோத்தது. ஒருத்தர் காலை நிறுத்தினா அடுத்தவர் காலும் நின்னுடும். அதனால முன்னாடி இருக்கிறவர் எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்லிடணும். மேடு வருது, பிரேக் போடறேன்னு.”

“இவராவது, வாயைத் திறக்கிறதாவது! அன்னைக்கே ஒரு வார்த்தை கண்டிச்சிருந்தா எனக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?”

“நீங்க வீட்டுல ஒழுங்கா கவனிச்சிருந்தா எனக்கு மட்டும் வந்திருக்குமா?”

மெக்கானிக் பேச்சை மாற்றப் பார்த்தார். “போன மாசம் ஒரு ஜோடி வந்தாங்க. அவங்களும் நீங்க போற இதே ஜோடி சைக்கிள் பந்தயத்துக்குத்தான். ஒரு சத்தம் கிடையாது, சிரிச்சுக்கிட்டே பழகினாங்க.”

“அவங்க வண்டியில செயின் வீலுக்கு எத்தனை பல்லு?” என்று கேட்டாள் அவள்.

“ஐம்பது.”

“எங்களுக்கு ஐம்பத்திரண்டு போடுங்க!” என்றார்கள் இருவரும். வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

“பல்லு கூடினா வேகம் கூடும், ஆனா மேட்டுல நாக்குத் தள்ளிடும்” என்று முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக் பெரிய பல்சக்கரத்தையே பூட்டினார். பிறகு தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதல் தடவை முன் சீட்டுக்காரர் இடது காலை அழுத்த, அவள் வலது காலை அழுத்த, பழைய டயர் குவியலில் போய் விழுந்தார்கள். இருவருக்கும் முழங்கையில் ரத்தம். ஒருவரை ஒருவர் தூக்கிவிடவில்லை, பட்டதா என்று கேட்கக்கூட இல்லை.

இரண்டாவது தடவை வண்டி பறந்தது.

“மேடு!”

“தெரியுது! கத்தாதீங்க!”

“வளைவு!”

வளைவில் அவர் உள்பக்கம் சாய்ந்தார். அவர் சாய்ந்த பக்கம் சாய்வதே அவமானம் என்பதுபோல அவள் விறைத்து உட்கார்ந்திருந்தாள். வண்டி துள்ளி, சாக்கடை விளிம்பைத் தொட்டுத் திரும்பியது.

“நாளன்னைக்குப் பந்தயம். வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறோம்” என்றார் முன் சீட்டுக்காரர், மூச்சு வாங்க.

“வண்டி தரமாட்டேன்” என்றார் மெக்கானிக். “நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்களை மாதிரிதான் ஒரு ஜோடி, கீரியும் பாம்புமா வந்து நின்னாங்க. எனக்கென்னன்னு குடுத்து அனுப்பினேன். இறக்கத்துல ஒருத்தர் இந்தப் பக்கம் சாய, ஒருத்தர் அந்தப் பக்கம் சாய, ரெண்டு பேருக்கும் இடுப்பு எலும்பு போச்சு. அந்தப் பாவம் எனக்கு ஒரு தடவை போதும்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்கண்ணா. இந்தப் பந்தயத்துல நான் ஜெயிக்கணும். இல்லைன்னா இனிமே கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குக் கூசும்.”

“எனக்கு மூணு மாசமா தூக்கமில்லைங்க” என்றார் அவர். “ஜெயிச்சாத்தான் தூங்குவேன்.”

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று மெக்கானிக்குக்கு மனசு கரைந்தது. தாம்பத்தியம் என்ற பாடத்தில் அவருக்கு இருபத்தொரு வருட அனுபவம். அதில் கொஞ்சத்தை இவர்களுக்குக் கொடுத்தால்தான் என்ன?

“உள்ளே வாங்க” என்று இருவரையும் கடையின் பின்னறைக்கு அழைத்துப் போனார். அங்கே சுவர் முழுக்கப் புகைப்படங்கள். வண்டி வாங்குகிற ஒவ்வொரு ஜோடியையும் ஒரு படம் பிடித்து ஒட்டிவைப்பது அவர் வழக்கம். புதிதாக ஒட்டியிருந்த ஒன்றைப் பெருமையோடு தொட்டுக் காட்டினார்.

“போன மாசம்னு சொன்னேனே, அவங்கதான். நகமும் சதையுமா நிக்கிறாங்க பாருங்க. அவருக்கு வேர்த்தா இந்தம்மா தன் துண்டாலேயே துடைச்சு விடறாங்க. புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்! இவங்களைப் பார்த்து ஏதாவது கத்துக்குங்க, வண்டியைத் தரேன்.”

இருவரும் அந்தப் படத்தையே பார்த்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்று மெக்கானிக் சந்தோஷப்பட்டார்.

அவள் விரலை நீட்டினாள்.

“அவரு என் புருஷன். துடைச்சு விடறது இவரோட பொண்டாட்டி.”