வியாழக்கிழமை மணிக்கூடு

“இண்டைக்கு எல்லாத்தையும் கொண்டு வந்திருக்கிறன், யாகப்பு அண்ணை. சேர்க்கத் தொடங்கி ஒரு வருசமாச்சு.”

வாகீசன் மடியிலிருந்த பெட்டியைத் திறந்தான். நெடுந்தீவுப் படகில் இருந்த அத்தனை கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. உள்ளே வரிசையாகக் கைமணிக்கூடுகள். எல்லாம் சுவிஸிலிருந்து வந்தவை, விலை கேட்டால் தலை சுற்றும்.

கயிற்றை அவிழ்க்கப் போன யாகப்பு கையை எடுத்தார்.

படகோட்டி யாகப்புவுக்கு இந்த மனிசனைக் கண்டாலே எரிச்சல். சூரிச்சில் உழைத்துவிட்டு ஊருக்கு வந்து வீடு கட்டுகிறான், சரி. வியாழன்தோறும் யாழ்ப்பாணம் போய்ச் சாமான் வாங்கி வருகிறான், அதுவும் சரி. ஆனால் குறிகட்டுவான் துறையில் கடைசிப் படகு வெளிக்கிடும் நேரம் பார்த்துத்தானா கையை நீட்டிப் பவிசு காட்டவேண்டும்?

யாகப்புவின் படகு ஆருக்காகவும் நிற்காது. ஒருமுறை சுவாமியாரே அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோதும் கயிற்றை அவிழ்த்தவர் என்று தீவு முழுக்கப் பேச்சு. அந்தக் கதையைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு ஒரு சாண் உயரும்.

ஆனால் எரிச்சலெல்லாம் வாயில்தான், கண்ணில் இல்லை. இளவயசிலிருந்து அவருக்கு மணிக்கூட்டுப் பைத்தியம். கட்டியதையெல்லாம் உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது.

வாகீசனும் ஆளறிந்துதான் காட்டுவான். மாதம் ஒரு மணிக்கூடு. முதல் வியாழன் முகம் காட்டுவான், அடுத்த வியாழன் முதுகைத் திறந்து சில்லுகளைக் காட்டுவான், பிறகு ஒவ்வொருவர் கையிலும் கட்டிப் பார்க்கக் கொடுப்பான். யாகப்புவுக்கு அது பழகிப்போய்க் கை கயிற்றுக்குப் போகத் தொடங்கும்போது, புதிது ஒன்று வந்துவிடும்.

“அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியிலும் குடை பிடிப்பானாம்” என்று பின்னால் இருந்த கிழவர் பஸ்ரியாம்பிள்ளை முணுமுணுத்தார். “யாகப்பு, கயிறை அவிழும். காத்து எழும்பப் போகுது.”

“பொறும். ஒருக்காப் பாத்திட்டு வெளிக்கிடுவம்.”

வாகீசன் முதலாவதை எடுத்தான். “இது சாவி குடுக்கத் தேவையில்லை, கை அசைய அசைய ஓடும். இதைக் கட்டிப்போட்டுக் கழட்ட மாட்டன் எண்டு நிண்டனீங்கள்.”

“ஓம், ஓம்” என்று யாகப்பு வெட்கத்தோடு சிரித்தார்.

“இது மார்கழியில வாங்கினது. பண்ணை றோட்டில வெள்ளம் நிண்டு பஸ் பிந்தின வியாழன், ஞாபகமே? இது சந்திரன் தேயிறதும் வளர்றதும் காட்டும்.”

“கடற்காரனுக்கு உது வானத்திலயே தெரியும், தம்பி.”

“தெரியும்தான். எண்டாலும் கன நேரம் பாத்தனீங்கள். இது மணி அடிக்கிறது. பஸ்ஸுக்கு ரயர் காத்துப் போன அண்டைக்கு, திருப்பித் திருப்பி அடிக்க வைச்சனான்.”

இவன் ஏன் ஒவ்வொரு மணிக்கூட்டோடும் ஒரு பஸ்ஸை ஞாபகம் வைத்திருக்கிறான் என்று யாகப்பு யோசித்தார். அதற்குள் துறைக்கு மேலே யாழ்ப்பாண பஸ் வந்து நின்றது. ஒருத்தி இறங்கி ஓடி வந்தாள்.

றொஷானி. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, இரண்டு பிள்ளைகளோடு நெடுந்தீவில் இருக்கிறவள். வியாழக்கிழமைகளில் கடைசியாய்ப் படகில் பாய்கிறவள் இவள்தான். வந்து ஏறினதும் மூச்சு வாங்க ஒரு கடுதாசியை எல்லாருக்கும் நேரே பிடித்தாள்.

“பாஸ்! படகு எஞ்சின் திருத்துற வகுப்பில நான்தான் முதலாம் ஆள்! அத்தனை ஆம்பிளையளுக்குள்ள!”

படகு கைதட்டி ஆடியது. இனி தீவில் எஞ்சின் ஒன்று பழுதானால் கடல் தாண்டிக் கொண்டு போகத் தேவையில்லை. யாகப்புவும் கைதட்டினார்.

“பிள்ளை, என்ர எஞ்சின் முற்றத்தில கிடந்து கறள் பிடிக்குது. நாளைக்கே வந்து பார்” என்று பஸ்ரியாம்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார்.

“கட்டாயம் வாறன், ஐயா!”

அவள் சிரித்துக்கொண்டே முன்பக்கம் போய் இருந்தாள். வாகீசன் பெட்டியை மூடினான். அவன் முகத்திலும், தானே முதலாம் ஆளாய் வந்தவன் போல ஒரு சந்தோசம்.

“அவ்வளவுதான் அண்ணை. இனி வாங்க மாட்டன். இதுகளை வித்துப்போட்டு வீட்டு வேலையை முடிக்கப் போறன்.”

“ஏன், ஆசை விட்டுப் போச்சோ?”

“வகுப்பு முடிஞ்சுது.”

யாகப்பு பெட்டியைப் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த றொஷானியைப் பார்த்தார். வாயைப் பிளந்தார்.

“அட பாவி! இதுக்கே? ஒரு ஓட்டோ பிடிச்சுக் குடுத்திருக்கலாமே?”

“கேட்டனான். ஊர் கதைக்கும் எண்டு மாட்டன் எண்டிட்டா. படகு பிந்தினதும் என்ர பவிசாலதான் எண்டு எல்லாரையும் போல அவவும் நினைக்கட்டும்.”

“அப்ப எனக்கெண்டாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் வருமட்டும் நில்லுங்கோ எண்டால் நிண்டிருக்க மாட்டனே? நான் என்ன கல்லே, தம்பி?”

வாகீசன் குரலைத் தாழ்த்தினான்.

“சொன்னனான், அண்ணை. வகுப்புத் தொடங்கின முதல் வியாழன். அவ துறையில நிண்டு கத்தக் கத்த, ‘என்ர படகு ஆருக்காகவும் நிக்காது’ எண்டு சொல்லிக் கயிறை அவிட்டனீங்கள். அடுத்த வியாழன் ஒண்டும் சொல்லேல்லை. கையில கிடந்த மணிக்கூட்டைக் காட்டினன். படகு நிண்டுது.”